போயிங் விமானம் கிடக்கும் குட்டை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துத் தென்கோடியில் மெர்மெட் என்றொரு சிற்றூர். கடல் அங்கிருந்து பல நூறு மைல் தள்ளி இருக்கிறது. அந்த ஊரில் ஒரு குட்டை. குட்டைக்குள் ஒரு போயிங் 727 விமானம். அது விபத்தில் விழுந்ததல்ல. டாமி லீ ஜோன்ஸ் நடித்து 1998இல் வெளிவந்த ‘யூ.எஸ். மார்ஷல்ஸ்’ படத்தில் கைதிகளை ஏற்றிச் செல்லும் விமானம் ஒன்று நொறுங்கி ஆற்றில் விழும். அந்தப் படத்துக்குப் பயன்பட்ட விமானம்தான் இது. படப்பிடிப்பு முடிந்ததும் காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியது, தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது. இப்போது முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதற்குள் நுழைந்து, பயணிகள் உட்கார்ந்திருந்த இடத்தில் நீந்தி வெளியே வருகிறார்கள்.

குட்டை என்றது நம் ஊர்ப் பேச்சு வழக்கில். சுமார் எட்டு ஏக்கர் பரப்பு, ஆழமான இடத்தில் 120 அடி. ஒரு காலத்தில் கல் உடைத்த குவாரி அது.

தண்ணீர் நிரம்பிய பழைய குவாரிகளில் பேருந்து, தீயணைப்பு வண்டி, ஹெலிகாப்டர், கப்பல் என்று எதையாவது மூழ்கடித்து வைத்து, அங்கே ஸ்கூபா டைவிங் நடத்துவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இடங்களில் நிலைத்துவிட்ட தொழில். கடலை ஒட்டி வாழாத பலர் முதன்முதலாக நீருக்கடியில் மூச்சுவிட்டது இந்த மாதிரிக் குழிகளில்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பேருந்து ஒரு கேலிப் பொருளாகத் தெரியலாம். அதை அங்கே போட்டவர்களுக்குக் காரணங்கள் இருந்தன.

முதலில் குழிக்குள் தண்ணீர் வந்த கதை. கல்லை வெட்டிக்கொண்டே கீழே போனால் ஒரு கட்டத்தில் நிலத்தடி நீர்மட்டத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அதற்குப் பிறகு பாறை இடுக்குகளில் ஊற்று பிடித்துக்கொள்ளும். வேலை நடக்க வேண்டுமானால் இரவும் பகலும் பம்பு ஓட வேண்டும். கல் தீர்ந்துபோனாலோ, இறைக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் போனாலோ குவாரியை மூடுவார்கள், பம்பை நிறுத்துவார்கள். பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நிலத்தடி நீர் தன் பழைய மட்டத்துக்கு ஏறிவந்து நின்றுவிடும்.

இப்படி ஏறி வரும் நீருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது பாறைப் பிளவுகளில் கசிந்து வருவது. ஆற்றைப் போல மண்ணைக் கரைத்துக்கொண்டு வருவதில்லை. கரையும் பாறை, அடியும் பாறை. அதனால் நல்ல நாளில் பல அடி தூரத்துக்குக் கண் தெரியும். அலை இல்லை, ஓதம் இல்லை, இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டமும் இல்லை. கடலில் முங்க வேண்டுமானால் படகு வேண்டும், படகுக்கு வாடகை வேண்டும், அன்றைக்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். குவாரியில் காரைக் கரையோரம் நிறுத்தி, டிக்கியிலிருந்து சிலிண்டரை எடுத்துக் கட்டிக்கொண்டு, படி வழியாக இறங்கிவிடலாம்.

ஒரு குறைதான். உள்ளே பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. பவளப்பாறை இல்லை, வண்ண மீன் கூட்டம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சாம்பல் நிறச் சுவரும் பச்சைத் தண்ணீரும்தான். அந்த வெறுமையை நிரப்பத்தான் பேருந்து வந்தது.

இந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்று பார்க்க இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் மாவட்டத்துக்குப் போகலாம். அங்கே ஸ்டோனி ஸ்டான்டன் என்ற கிராமத்தருகே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல் வெட்ட ஆரம்பித்தார்கள். கல்லை ஏற்றிச் செல்லத் தனி ரயில் பாதையே போடப்பட்டது. ஊற்று நீர் ஆரம்பம் முதலே தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது; இறைத்துக்கொண்டே வெட்டினார்கள். 1958இல் வேலை நின்றது. தண்ணீர் ஏறியது. ‘ஸ்டோனி கோவ்’ என்று இன்று பிரிட்டன் டைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம் உருவானது இப்படித்தான்.

வெறும் பொழுதுபோக்கால் அது பெயரெடுக்கவில்லை. 1960களிலும் 70களிலும் வட கடலில் எண்ணெய்யும் எரிவாயுவும் எடுக்கத் தொடங்கியபோது, கடலடியில் குழாய் பதிக்கவும் எண்ணெய்க் கிணற்றுத் தூண்களைப் பார்த்துச் சரிசெய்யவும் தொழில்முறை டைவர்கள் தேவைப்பட்டார்கள். கொந்தளிக்கிற கடலில் புதியவர்களுக்குப் பாடம் நடத்த முடியாது. அப்படிப்பட்ட டைவர்கள் பலர் கடலே இல்லாத லெஸ்டர்ஷயரில், இந்தக் குவாரியில் பயிற்சி எடுத்தார்கள்.

ஸ்டோனி கோவின் பெரிய வசதியைக் கல் உடைத்தவர்களே தெரியாமல் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குவாரியை நேர் கிணறாக வெட்டுவதில்லை. தட்டுத் தட்டாக, ஒரு மேடை முடிந்ததும் அடுத்த மேடை என்று வெட்டுவார்கள். வெடி வைக்கவும் வண்டி வரவும் அப்படித்தான் தோதுப்படும். ஸ்டோனி கோவில் தண்ணீருக்கடியில் மூன்று தட்டுகள். முதலாவது சுமார் 20 அடியில், அடுத்தது 70 அடியில், கடைசி 115 அடிக்கும் கீழே. புதிதாகக் கற்கிறவர் முதல் தட்டோடு நின்றுகொள்ளலாம். தேறினால் அடுத்தது. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பாறையே பிரித்து வைத்திருக்கிறது.

இந்தத் தட்டுகளில் என்னென்னவோ கிடக்கின்றன. வைகவுண்ட் ரகப் பழைய பயணிகள் விமானத்தின் விமானி அறை ஓரிடத்தில். வெசெக்ஸ் ஹெலிகாப்டர் ஒன்று. ஜூல்ஸ் வெர்ன் நாவலில் வரும் நாட்டிலஸ் நீர்மூழ்கியின் மாதிரி ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது ஸ்டேன்கார்த் என்ற இழுவைக் கப்பல். 1910இல் நீராவிக் கப்பலாகக் கட்டப்பட்டது. நீளம் அறுபது அடிக்கும் கொஞ்சம் கூட. உழைத்து ஓய்ந்து, உடைக்கப்படவிருந்த அதை 2000ஆம் ஆண்டு இந்தக் குவாரிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். தொண்ணூறு வருடக் கப்பல் கடைசியில் ஒரு கிராமத்துக் குழியில் மூழ்கியது. இப்போது அதற்கு வாழ்நாளில் என்றும் இல்லாத அளவுக்கு ஆட்கள் வந்துபோகிறார்கள். கப்பலைச் சுற்றிக் காத்திருப்பது ‘பைக்’ என்ற கூர்வாய் மீன். நன்னீரில் வேட்டையாடிப் பிழைப்பது. சிறு மீன்கள் கப்பலுக்குள் ஒளிந்துகொள்ள, இது வாசலில் அசையாமல் நிற்கும்.

பழைய வண்டியை அப்படியே தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. டீசல், ஆயில், கிரீஸ் எல்லாவற்றையும் சொட்டு விடாமல் எடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் இன்ஜினும் வெளியே வந்துவிடும். கண்ணாடிகளை எடுத்து, தொங்கும் ஒயர்களை வெட்டி, கதவுகளைப் பிடுங்கி, உள்ளே போனவர் வெளியே வர ஒன்றுக்கு இரண்டு வழி செய்ய வேண்டும். தண்ணீருக்குள் ஒயரில் சிலிண்டர் மாட்டிக்கொண்டால் எவ்வளவு அனுபவசாலிக்கும் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் காற்று சீக்கிரம் தீரும். இறக்குவதும் சுலபமல்ல, காற்றடைத்த பைகளைக் கட்டி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நினைத்த மேடையில் நினைத்த வாகில் உட்கார வைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் போடுவதற்கு முதல் காரணம் திசை. பச்சைத் தண்ணீரில் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நாளில், மேலும் கீழும்கூடக் குழம்பும். கையில் காந்த ஊசி இருக்கும். ஆனால் அது சரியான வழியில்தான் கொண்டுபோகிறது என்று நம்புவதற்குப் போய்ச் சேரும் இடம் ஒன்று வேண்டுமே. ‘இந்தக் கோணத்தில் இத்தனை உதைப்பு நீந்து, பேருந்து வரும்’ என்று ஆசிரியர் சொல்லியனுப்புவார். பேருந்து வந்தால் பாடம் புரிந்தது. வராவிட்டால் திரும்பி வந்து மறுபடியும். பல குவாரிகளில் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு கட்டியும் வைத்திருப்பார்கள்.

போலீஸ், தீயணைப்புத் துறை டைவர்களுக்கு இந்த வண்டிகள் வேறு விதத்தில் பயன்படுகின்றன. ஆற்றில் பாய்ந்த காருக்குள் யாராவது இருக்கிறார்களா என்று இருட்டில் கையால் தடவித் தேடுவது அவர்கள் வேலை. கதவு எங்கே, இருக்கை எங்கே, தலைகீழாகக் கிடந்தால் எப்படி உள்ளே போவது என்பதை நிஜமான வண்டியில் பழகிப் பார்த்தால்தான் வரும்.

இறங்குகிறவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரையில் நம்மேல் காற்றின் அழுத்தம் ஒரு பங்கு. நீருக்குள் ஒவ்வொரு 33 அடிக்கும் இன்னொரு பங்கு சேர்கிறது. 33 அடியில் இரண்டு மடங்கு, 66இல் மூன்று, 99இல் நான்கு. வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் சுற்றியுள்ள அழுத்தத்துக்கு ஈடாகவே காற்றைக் கொடுக்கும். இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது. ஆகவே நான்கு மடங்கு அழுத்தத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகிறது. மேலே ஒரு மணி நேரத்துக்கு வரும் சிலிண்டர் 99 அடியில் கால் மணி நேரத்தில் காலி.

இதையே திருப்பிப் போட்டால் ஆபத்து தெரியும். 33 அடியில் நெஞ்சு நிறையக் காற்று இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் இது கஷ்டமான பாடம். தண்ணீருக்குள் மூச்சை அடக்குவது அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம். அதை விட்டொழிக்க வேண்டும். எந்தப் பயிற்சி நிலையத்திலும் முதல் விதி ஒன்றுதான்: மூச்சை நிறுத்தாதே.

அடுத்த வித்தை மிதப்பு. உடம்போடு கட்டிய ஈயக்கட்டிகள் கீழே இழுக்கும். சட்டை போல மாட்டியிருக்கும் காற்றுப்பை மேலே தூக்கும். இரண்டையும் சமன்செய்து, ஏறாமல் இறங்காமல் அந்தரத்தில் நிற்கப் பழக வேண்டும். கடலைவிட நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் குவாரியில் ஈயம் குறைவாகவே போதும். கடலுக்குப் போகும்போது கூட்டிக்கொள்ள வேண்டும். சமன் தவறி யாராவது அடியைத் தொட்டு, காலில் மாட்டிய ஃபின்ஸால் ஓர் உதை விட்டால், பாறைமேல் படிந்திருக்கும் மெல்லிய வண்டல் கிளம்பிவிடும். சில நொடிகளில் பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாது. சனிக்கிழமை காலையில் பளிங்காக இருந்த குவாரி ஞாயிறு மாலை மாணவர்கள் புண்ணியத்தில் கலங்கிப் போவது வழக்கம். இதைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் 20 அடி ஆழத்தில் இரும்பு மேடை தொங்கவிட்டு அதன்மேல் பாடம் நடத்துகிறார்கள்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும், மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கால் சில்லென்று விறைக்கும். குளிர்நாட்டுக் குவாரிகளில் இந்தப் பிரிவு கத்தியால் வெட்டியது போலத் துல்லியமாக இருக்கும். வெயிலில் காய்ந்த இலேசான நீர் மேலே. கனமான குளிர்நீர் கீழே. காற்றும் அலையும் இல்லாததால் இரண்டும் கலப்பதில்லை. மேலே 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது ஐம்பது, அறுபது அடிக்குக் கீழே பத்துக்கும் குறைவாக இருக்கலாம். நீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியில். எனவே ஆழமான குவாரியின் அடித்தட்டு ஆண்டு முழுவதும் ஐஸ்பெட்டிதான். தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட் இல்லாமல் அங்கே யாரும் நெடுநேரம் தங்க மாட்டார்கள். ரெகுலேட்டருக்கும் சோதனை இருக்கிறது. அழுத்தத்தில் அடைபட்ட காற்று விரியும்போது குளிரும். சுற்றியுள்ள நீரும் குளிர்ந்திருந்தால் உள்ளே பனி கட்டி, வால்வு திறந்தபடி நின்று, காற்று கொட்டிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் குவாரியில் பழகியவருக்குத் தெளிந்த வெப்பக் கடல் சுற்றுலா போலத்தான் இருக்கும் என்று பழைய டைவர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

சில குவாரிகளில் யாரும் எதையும் கொண்டுவந்து போடவில்லை. உள்ளே இருந்ததே மூழ்கிப்போனது. போலந்தின் யாவோஷ்னோ நகரத்து டோலமைட் குவாரியில் இரண்டு ராட்சத எக்ஸ்கவேட்டர்கள் கிடந்த இடத்திலேயே நீருக்குள் போய்விட்டன. இன்று அங்கே டைவர்கள் தேடிப் போவது அவற்றைத்தான்.

எஸ்டோனியாவின் ரும்மு இன்னும் விசித்திரம். சோவியத் காலத்தில் அது சிறைச்சாலை. கைதிகள் சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள். 1991இல் எஸ்டோனியா விடுதலை பெற்ற பிறகு குவாரி வேலை நின்று, பம்புகளும் நின்றன. நீர் வேகமாக ஏறியதால் கட்டடங்களும் இயந்திரங்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. பாதி மூழ்கிய ஒரு கட்டடம் நடு ஏரியில் தலைநீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் சுவர்களும் முள்கம்பி வேலியும். வேலியைத் தாண்டி இப்போது ஆட்கள் உள்ளே நீந்திப் போகிறார்கள், அதுவும் ஆசையாக. நார்வே இசைக்கலைஞர் ஆலன் வாக்கரின் ‘ஃபேடட்’ பாட்டு வீடியோவைப் பார்த்தவர்கள் இந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள், பெயர் தெரியாமல்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கு மேற்கே ஹெம்மூர். அங்கே சிமென்ட் தொழிற்சாலைக்காகச் சீமைச்சுண்ணாம்பு வெட்டிய குழி 1976இல் பம்புகள் நின்றதும் நிரம்பத் தொடங்கியது. சுமார் 200 அடி ஆழம். குழிக்குள் இறங்கிய பழைய சாலையும், ஓரத்தில் நின்ற மரங்களும் அப்படியே நீருக்குள். இலையில்லாத மரங்களுக்கு நடுவே பறவை உயரத்தில் நீந்தலாம் என்பதற்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு.

போலந்தின் க்ராக்கூவ் நகருக்குள்ளேயே இருக்கும் ஜக்ஷூவெக் குவாரிக்குக் கதை வேறு. நாஜிகள் போலந்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், வேலை இல்லாத இளைஞர்களை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதிலிருந்து தப்ப 1940இல் ஒரு கல்லூரி மாணவர் இந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். பெயர் கரோல் வோய்த்திவா. 1978இல் அவர் போப் இரண்டாம் ஜான் பால் ஆனார். 1990களின் தொடக்கத்தில் குவாரி மூடப்பட்டு நீர் நிரம்பியது, டைவர்கள் வந்தார்கள், பழைய கார்கள், பேருந்து, படகு என்று உள்ளே வந்து சேர்ந்தன. நகர மக்களோ வேலிக்கு அப்பால் பாறை உச்சியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் நகராட்சி அதைப் பூங்காவாக்கி, ஏரியின் மேல் மிதக்கும் நீச்சல் குளங்களைத் திறந்தது.

இதுவரை சொன்னதைப் படித்து, பழைய குவாரி என்றாலே பாதுகாப்பான இடம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேல்ஸ் நாட்டின் நாந்த்லெ பள்ளத்தாக்கில் டொரொதியா என்ற ஸ்லேட் குவாரி இருக்கிறது. 1970இல் மூடப்பட்டது. ஆழம் 300 அடிக்கும் மேல். பிரிட்டனில் இவ்வளவு ஆழமான தண்ணீர் படகில்லாமல் கரையிலிருந்தே கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு என்பதால், ஆழம் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் அங்கே குவிந்தார்கள். அங்கே நுழைவுச்சீட்டு இல்லை, சான்றிதழ் கேட்பவர் இல்லை, மீட்புப் படகோ ஆக்சிஜனோ இல்லை. டைவிங் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்படவும் இல்லை. 1994 முதல் 2004 வரையிலான பத்தாண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 130 அடி என்று பயிற்சி அமைப்புகள் வகுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நூறு அடியைக் கடந்தாலே அழுத்தத்தில் நைட்ரஜன் போதையேற்றத் தொடங்கும். காற்றுமானியைப் பார்ப்பார்கள், எண் தெரியும், அதன் பொருள் உறைக்காது.

உள்ளே போடும் பொருளே உயிரை வாங்கும் தூண்டிலாவதும் உண்டு. இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரியான வாஸ்ட்வாட்டரில், ஏறத்தாழ 160 அடி ஆழத்தில், குறும்புக்கார டைவர்கள் சிலர் தோட்டத்துக் குள்ளர் பொம்மைகளை நட்டு, சுற்றி மரவேலியும் போட்டு வைத்தார்கள். அந்தத் தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் கிளம்பினார்கள். 1990களின் இறுதியில் மூன்று பேர் அந்த ஏரியில் இறந்ததும், ஆழத்தில் நெடுநேரம் தங்க வைப்பது இந்தப் பொம்மைகள்தான் என்று போலீஸ் டைவர்கள் இறங்கி அவற்றை அகற்றினார்கள். பிறகு இன்னும் ஆழத்தில், போலீஸ் டைவர்களுக்கு விதிப்படி அனுமதியுள்ள 50 மீட்டருக்கும் கீழே, புதுத் தோட்டம் முளைத்திருப்பதாகப் பேச்சு கிளம்பியது. ஸ்டோனி கோவின் கப்பல் எழுபது அடித் தட்டில் உட்கார்ந்திருப்பது தற்செயலல்ல என்பது இந்தக் கதையைக் கேட்டால் புரியும்.

தமிழ்நாட்டு வாசகருக்குக் கல்குவாரிக் குட்டை என்றதும் நினைவுக்கு வருவது டைவிங் அல்ல, குளிக்கப் போன மாணவர்கள் மூழ்கிய செய்திதான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் தவறாமல் வரும் செய்தி அது. இறப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதே தட்டுகள்தான். கரையோரம் முழங்கால் ஆழம். இரண்டு எட்டு வைத்தால் அடுத்த தட்டு நாற்பது அடிக்குக் கீழே. ஏறிவரப் படியில்லை, பிடித்துக்கொள்ளக் கொடியில்லை, செங்குத்துப் பாறை வழுக்கும். ஸ்டோனி கோவில் வகுப்பறையான அதே வெட்டு இங்கே பொறியாகிறது. படிக்கட்டும், ஆள்காவலும், கேட்டில் நின்று சான்றிதழ் கேட்பவரும் இருக்கிற குவாரிக்கும் இல்லாத குவாரிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள டொரொதியா வரை போக வேண்டியதில்லை.

நம் ஊர்க் குவாரி நீர் வேறு விதத்தில் கைகொடுத்திருக்கிறது. 2017, 2019 வறட்சிகளில் ஏரிகள் வற்றியபோது, மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் குவாரிகளிலிருந்து நீரெடுத்துச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள். பொருளை மூழ்கடித்து மீனையும் டைவரையும் வரவழைக்கும் உத்தி இங்கும் தெரியாததல்ல. புதுச்சேரிக் கடலில் டைவிங் பயிற்சியாளர்கள் உருவாக்கிய ‘டெம்பிள் ரீஃப்’ செயற்கைப் பாறைத்திட்டு அந்த வகைதான். ஆனால் அது கடல்.

குவாரி டைவிங்குக்குப் பெரிய எதிரி குளிரோ ஆழமோ அல்ல, நிலத்தின் விலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லஹேம் நகரருகே டச் ஸ்பிரிங்ஸ் என்ற குவாரி இருந்தது. அந்த லீஹை பள்ளத்தாக்கு அமெரிக்க சிமென்ட் தொழிலின் தாயகம். 1930களில் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டத் தொடங்கிய குழி, 70களில் வேலை நின்றதும் நிரம்பி, 50 ஏக்கர் ஏரியானது. ஆழம் நூறு அடி. 1980இல் டைவர்களுக்குத் திறந்தார்கள். பள்ளிப் பேருந்து, தீயணைப்பு வண்டி, டேங்கர் லாரி, செஸ்னா விமானம், ஹெலிகாப்டர், பழைய டிராம் வண்டி என்று வருடத்துக்கு வருடம் உள்ளே சேர்ந்துகொண்டே போயின. நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஸ்கூபா கற்ற ஒரு தலைமுறைக்கே அதுதான் பள்ளிக்கூடம். நாற்பது வருடம் ஓடியது.

நியூயார்க்குக்கு லாரியில் இரண்டு மணி நேரத் தூரம் என்பதுதான் அதற்கு வினையானது. ஆன்லைன் வியாபாரம் பெருகியதும் லீஹை பள்ளத்தாக்கின் காலி நிலமெல்லாம் சரக்குக் கிடங்குகளாக மாறத் தொடங்கின. டச் ஸ்பிரிங்ஸின் நிலமும் கிடங்கு கட்டும் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. 2021 சீசனோடு மூடினார்கள். வாடிக்கையாளர்கள் ஏரியைக் காப்பாற்றக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அருகிலேயே மாற்று இடம் தேட வழியில்லை. இருக்கிற குவாரிகளில் பல சிறியவை, சில ஏற்கெனவே மூடிவிட்டவை. பயிற்சி நிலையங்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு மாநிலம் தாண்டிப் போயின.

கரையில் கிடங்கு கட்டலாம். நூறு அடித் தண்ணீரின் மேல் கட்ட முடியாது. அந்தக் கணக்குதான் கடைசியில் உதவியது. ஏரி ஏரியாகவே விடப்பட்டு, 2023இல் ‘லேக் ஹைட்ரா’ என்ற புதுப்பெயரில் டைவர்களுக்கு மறுபடியும் திறந்தது. பயிற்சி வகுப்புகள் திரும்பி வந்தன. பழைய மாணவர்கள் பழைய வரைபடத்தையே எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள், பேருந்தும் ஹெலிகாப்டரும் இடம் மாறவில்லை.